பந்து இன்னும் மேலே இருக்கிறது

1

இந்தக் கதையைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் எங்காவது நான் ஜோஸ்மியின் முகம் இப்படி, உயரம் இவ்வளவு என்று வர்ணித்தால் நீங்கள் நம்ப வேண்டாம். எனக்குக் கதைகள் எப்போதும் பேச்சாகத்தான் வரும். இத்தனை வருஷம் பத்திரிகைகளுக்கு எழுதியும் என் கதாபாத்திரங்களில் ஒருத்திக்குக்கூட மூக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. எப்படி இருமுவாள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அமீரகத்தின் புஜைராவில் துறைமுகச் சாலைக்குப் பின்னால் ஒரு பிசியோதெரபி கிளினிக். எனக்குக் கட்டைவிரல் மூட்டுகளில் வலி. வாரம் ஒருநாள் போய் இரண்டு கைகளையும் சூடான மெழுகில் முக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கை இரண்டும் மெழுகில் இருக்கும்போது பக்கத்துக் கட்டிலைக் கேட்பதைத் தவிர ஒரு மனுஷிக்கு வேறு என்ன வேலை? நடுவே நீலத் திரை. அந்தப் பக்கம் கிளினிக்கை நடத்தும் தேவகனி, கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அவருடன் ஒரு சின்னப் பெண்ணின் குரல். அதே கரைப் பேச்சு.*

“எனக்க வெரலப் பாரு. தலைய ஆட்டாத, கண்ண மட்டும் ஆட்டு. தல கறங்குதா?”

“இல்ல அக்கா.”

“வாந்தி?”

“இல்ல.”

“பொய் சொல்லு, எனக்கென்ன. ஒனக்க தலைதானே.”

“கொஞ்சம் கறங்குது.”

“அப்பிடிச் சொல்லு பிள்ள. இனி ஒரு அடி பட்டா கேமும் இல்ல, டூட்டியும் இல்லன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?”

“சொன்னாரு.”

“பின்ன எதுக்கு கேப்டன் கீப்டன்னு நடக்க? அந்த வெள்ளக்காரிய ஒவ்வொருத்தியும் தேக்கு மாதி இருக்காளுவ. நீ வெண்டக்கா மாதி இருக்க.”

அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் குரல் இறங்கிவிட்டது.

“அக்கா, ஒண்ணு சொல்லுகேன். ஆருக்கிட்டயும் சொல்லப்பிடாது. கிரவுண்டுல எனக்குப் பின்னால ஆரோ விளிக்கா.”

“விளிக்கத்தானே செய்வாளுவ. இத்தன பேரு ஓடுதீங்க, வாய மூடிட்டா ஓடுவீங்க?”

“தமிழ்ல விளிக்கா.”

“ஒங்க டீமுல தமிழு எத்தன பேரு?”

“நான் மட்டுந்தான்.”

தேவகனியின் செருப்புச் சத்தம் நின்றது.

“என்ன சொல்லுகா?”

“‘விடு’ன்னு சொன்னா. நானும் விட்டுட்டேன்.”

என் விரல்களைச் சுற்றி மெழுகு இறுகிக்கொண்டிருந்தது.

(* அந்தக் கரைப் பேச்சு என்னுடையது இல்லை. நான் திருச்சிக்காரி. காதில் விழுந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் பெயரும் ஜோஸ்மி இல்லை. அவள் உண்மைப் பெயர் என் காதில் விழவே இல்லை. வீட்டுக்குப் போகிற டாக்சியில் நான் வைத்த பெயர்.)

2

விரல் மடங்காததால் நான் இப்போது கைபேசியில் சொல்லித்தான் எழுதுகிறேன். மத்தியானம் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களைப் பார்த்தபடி உரக்கச் சொல்வேன், அது எழுத்தாகும். ஒரு வரி பிடிக்காவிட்டால் ‘வேண்டாம், முதல்லேருந்து’ என்பேன். கைபேசி அதையும் எழுதி வைக்கும். சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றையெல்லாம் நீக்குவேன். இந்தக் கதையில் நீக்கவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

ஜோஸ்மியின் அப்பா இஸ்ரவேல் பஹ்ரைன் கடலுக்கு மீன்பிடிக்கப் போனவர், திரும்பி வரவில்லை. மைதானத்தில் அவள் ஓடும்போதெல்லாம் பின்னாலிருந்து அவர் குரல்

வேண்டாம், முதல்லேருந்து.

(செத்துப்போன அப்பா வந்து பிள்ளையைக் காப்பாற்றுவார். இந்த மாதிரிக் கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நானே எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த வரியைச் சொன்ன உடனே அவள் குரல் என் காதில் வெடுக்கென்று குறுக்கிட்டது: “எனக்க அப்பா சாவல்ல கேட்டியளா? இப்பந்தான் வீடியோ கால் பண்ணினாரு. நெய்மீன் கெடச்சிருக்காம்.” என் கதாபாத்திரங்கள் இப்படிப் பேசுவது வழக்கம்தான். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

ஜோஸ்மி ஆடுகிற ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்பது நமக்குத் தெரிந்த கால்பந்தும் இல்லை, ரக்பியும் இல்லை. அது

வேண்டாம். இதை என் கணவரே சொல்லட்டும். கல்யாணசுந்தரத்துக்கு எண்ணெய்க் கிடங்கில் வேலை. ஓய்வு பெறும் வயது தாண்டியும் அவர்கள் விடவில்லை, இவரும் விடவில்லை.

“ஃபுட்பால் கதையா? கேரம்ல சிவப்புக் காய் எதுக்குன்னே உனக்குத் தெரியாதும்மா.”

“நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்.”

ஒரு வாரம் கைபேசியில் ஆட்டம் ஆட்டமாகப் பார்த்துவிட்டுப் பாடம் எடுத்தார். “பந்து முட்டை மாதிரி. கையால பிடிக்கலாம், காலால உதைக்கலாம். தூக்கி எறியக் கூடாது, குத்தித்தான் அனுப்பணும். ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பத்துக்குள்ள உதைச்சா ஆறு. ஓரத்துல போனா ஒண்ணு.”

“ஓரத்துல போனாலுமா?”

“தப்பா அடிச்சாலும் ஒண்ணு தர்றான். நல்ல மனசுக்காரன்.”

பிறகு ஓரிடத்தில் நிறுத்தி என்னிடம் காட்டினார். பந்து ஒரு பெண்ணின் தலைக்கு மேல் பறந்து அவளைத் தாண்டிப் போகிறது. அவள் அண்ணாந்து பந்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடுகிறாள். எதிரணியினர் அவள் முதுகை நோக்கி முழு வேகத்தில் வருகிறார்கள். அவள் திரும்பிப் பார்த்தால் பந்து போய்விடும். பார்க்காவிட்டால் இடி.

“இவ எதை நம்பி ஓடறா?”

“பின்னால நிக்கிற கூட்டாளி கத்துவா. ‘உன்னுது’ன்னா போகலாம், வழி இருக்கு. ‘விடு’ன்னா விடணும். ரெண்டுல ஒரு வார்த்தை. அதுதான் இதுல தர்மம்.”

“அவ தப்பா கத்தினா?”

நிறுத்தியிருந்த வீடியோவை அவர் ஓட விட்டார். சத்தம் என் காதில் விழுந்தது. நான் பார்க்கவில்லை.

3

சரி, முறையாகவே சொல்கிறேன்.

ஜோஸ்மி நர்சிங் முடித்து, நாகர்கோவிலில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, புஜைராவுக்கு ஐ.சி.யு. டூட்டிக்கு வந்தவள். ஐ.சி.யு.வில் நல்ல நர்ஸுக்கு முதுகில் காது முளைத்திருக்கும். எந்தக் கட்டிலில் எந்த மெஷின் கத்துகிறது, சும்மா கத்துகிறதா, உயிருக்குக் கத்துகிறதா என்று திரும்பாமலே தெரிய வேண்டும். ஜோஸ்மிக்குத் தெரியும். அவள் இருக்கிற ஷிஃப்டில் டாக்டர்கள் தைரியமாகச் சாய் குடிக்கப் போவார்கள்.

கூட வேலை பார்த்த ஆஸ்திரேலிய நர்ஸ் ஒருத்தி ஒருநாள், “லீவு நாளில் சும்மாதானே இருக்கிறாய், துபாய்க்கு வா, எங்கள் டீமுக்கு ஆள் குறைகிறது” என்றாள். வாலிபால் மாதிரி ஏதோ என்று நினைத்து ஜோஸ்மி காரில் ஏறினாள். மலையைக் குடைந்த சாலை வழியே துபாய் போய்ச் சேர்ந்ததும் முதல் பந்து அவள் மூக்கில் பட்டது. இரண்டாவது பந்தைப் பிடித்துவிட்டாள். பிடித்த பந்தை என்ன செய்வது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பெரிய உடம்பு கிடையாது, உதையும் சுமார்தான். ஆனால் அவள் குரல் இருந்தது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, காற்று எதிரே அடித்தாலும் போய்ச் சேருகிற தொண்டை. அவள் ‘உன்னுது’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

கோச் அவளைக் கேப்டன் ஆக்கிய அன்று சொன்னது இவ்வளவுதான்: “உன்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீ பேசினால் அவர்கள் இன்னும் நன்றாக ஆடுகிறார்கள்.”

ஜோஸ்மி பஹ்ரைனுக்குப் போன் போட்டாள். அங்கே அப்பா இஸ்ரவேலுக்கு ஒரு அரபியின் படகில் வேலை.

“கேப்டன்னா என்னவாக்கும் மக்கா? போட்டு ஓட்டுகிய ஸ்ராங்கு மாதியா?”

“அப்பிடித்தான் அப்பா. எல்லாத்தையும் பாத்து விளிச்சுச் சொல்லணும்.”

“நீ எல்லாவளையும் பாப்ப. ஒனக்குப் பின்னால ஆரு பாப்பா?”

“ஷிவான் பாப்பா.”

ஷிவான் துபாயில் பள்ளிக்கூட டீச்சர். அயர்லாந்துக்காரி. ஜோஸ்மிக்குப் பின்னால் நிற்பதுதான் அவளுடைய இடம். பந்து தலைக்கு மேலே வரும்போது ஜோஸ்மியின் முதுகுக்கு அவள்தான் கண்.

போன சீசனில் ஷிவான் ஊருக்குப் போயிருந்த ஒரு ஆட்டத்தில், ஜோஸ்மியின் தலையில் ஒரு முழங்கால் இடித்தது. அன்றைக்குத் தானே காரை ஓட்டி புஜைரா வந்து சேர்ந்தாள். வந்த வழி எதுவும் அவள் நினைவில் இல்லை. டாக்டர் அதற்குப் பிறகுதான் அந்த எச்சரிக்கையைச் சொன்னார். அவள் அதை டீமில் யாருக்கும் சொல்லவில்லை. ஓய்வெடுத்தாள், திரும்பி வந்தாள், ஆடினாள்.

4

ஜனவரி. துபாய். வெயில் பளிச்சென்று அடித்த மத்தியானம். பயப்படுவதற்கு எந்தக் காரணமும் இல்லாத வெளிச்சம்.

பந்து அவளைத் தாண்டி உயர்ந்தது. ஜோஸ்மி அண்ணாந்தபடி பின்னால் ஓடினாள்.

“உன்னுது,” என்று ஷிவான் ஆங்கிலத்தில் கத்தினாள். தெளிவாகக் கேட்டது. ஷிவான் கத்திவிட்டு, ஜோஸ்மி வருவாள் என்ற நம்பிக்கையில், எதிரே பாய்ந்து வந்தவளை மறிக்கக் குறுக்கே போனாள்.

அப்போது இன்னொரு குரல் கேட்டது. கத்தவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, சாதாரணமாக, தமிழில்.

“விடு.”

ஜோஸ்மியின் கால்கள் நின்றுவிட்டன. அவள் நிறுத்தவில்லை, அவை நின்றன. பந்து காலியிடத்தில் விழுந்தது. எதிரணிப் பெண் விழுந்த பந்துக்காகத் திசை மாறினாள். அவள் தோள் ஷிவானின் முகத்தில் இடித்தது.

தாடையைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஷிவானால் பேச முடியவில்லை. கைபேசியில் எழுதிக் காட்டினாள்.

‘நான் உன்னுதுன்னு கத்தினது கேட்டுதா?’

“கேட்டுது.”

‘அப்புறம் ஏன்?’

ஜோஸ்மி அவளுடைய தலையணையைச் சரிசெய்தாள். இந்த விளையாட்டில் பந்தைத் தவற விடலாம், கோல் தவறலாம், தோற்கலாம். கூட்டாளி கூப்பிட்ட பிறகு ஒதுங்குவது மட்டும் கூடாது. அதற்கு அவர்களிடம் மன்னிப்பு இல்லை. யாரும் திட்டவில்லை. உடை மாற்றுகிற அறையில் அவள் பக்கத்தில் பைகள் வைப்பது நின்றுபோனது, அவ்வளவுதான்.

கோச் தனியாகக் கூப்பிட்டாள். “சீசன் கடைசி டோர்னமென்டுக்கும் நீதான் கேப்டன். உன்னை மாற்றினால் நீ பயந்துவிட்டாய் என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. ஆனால் அன்றைக்கும் அந்தப் பந்து வரும். எப்போதும் வரும். போவாயா?”

“போவேன்,” என்றாள் ஜோஸ்மி.

(போனால் தலை. போகாவிட்டால் அவளுக்குப் பின்னால் இனி எவளும் நிற்க மாட்டாள். கதை முழுவதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சுற்றி வளைப்பது.)

5

சில வாரம் கழித்து மறுபடியும் மெழுகு, மறுபடியும் நீலத் திரை. நான் இந்தக் கதையைத் தொடங்கிவிட்டிருந்தேன்.

“இப்பமும் கேக்குதா?”

“டிரெயினிங்ல கேக்குது அக்கா. முன்ன ஒரு வார்த்தைதான். இப்ப நெறய பேசுகா.”

“ஆரு மாதி இருக்கு? ஒனக்க பெரியம்மையா?”

“நம்ம பக்கத்துப் பேச்சே இல்ல. வயசானவ. எழுதி வச்சத வாசிக்கிய மாதி நிறுத்தி நிறுத்திச் சொல்லுகா. இன்னொண்ணு கேளுங்க. பேரு தப்பாச் சொல்லுகா.”

“என்ன பேரு?”

“ஜோஸ்மின்னு. ‘ஜோஸ்மி ஓடினாள்’ங்கா. எனக்குப் பேரு ஜோஸ்மியா? ஆனா என்னத்தான் சொல்லுகான்னு எனக்க முதுகுக்குத் தெரியுது.”

“ஜோஸ்மின்னு ஆரயாவது தெரியுமா ஒனக்கு?”

“ஒருத்தியயும் தெரியாது. சொல்லிட்டு மாத்தவும் செய்வா. நான் ஓடிட்டிருப்பேன், பாதியில…” அவள் கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைத் தாழ்த்தி, சொல்லிக் காட்டினாள். “‘வேண்டாம். முதல்லேருந்து.’”

என் குரல். ‘முதல்’ என்பதில் நான் கொடுக்கிற அந்த அலுப்பு உட்பட.

திரை ஒரு கை நீளத்தில் இருந்தது. விலக்கியிருக்கலாம். என் கைகள் மெழுகில் இருந்தன என்று சாக்குச் சொல்லலாம். தேவகனி அப்போது பார்த்துத்தான் இந்தப் பக்கம் குரல் கொடுத்தார்.

“பத்மாம்மா, சூடு போதுமா?”

நான் வாய் திறக்கவில்லை.

“பத்மாம்மா? தூங்கிட்டியளா?”

நான் பேசினால் அவள் கேட்பாள். அந்தப் பக்கம் ஏதோ மாறியது. கட்டில் கிறீச்சிட்டு அடங்கியது. அந்தப் பெண்ணும் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. கடைசியில் அவளுடைய காலணிகள் கதவுவரை போயின. கதவருகே ஒரு தடவை நின்றன.

6

“காதுல விழுந்ததைத்தான் நீ திரும்பச் சொல்றே. அவளும் நீ கிளினிக்ல போன் பேசறதை எப்பவாவது கேட்டிருப்பா. தலையில அடிபட்ட பொண்ணு வேற,” என்றார் கல்யாணசுந்தரம்.

“ஜோஸ்மிங்கற பேரை நான் உங்ககிட்டகூடச் சொல்லலையே.”

“பால்கனியில கத்தறே. கீழ வாட்ச்மேனுக்கே உன் கதையெல்லாம் தெரியும்.”

“சரி. அந்த ‘விடு’? ஜனவரியில எனக்கு இப்படி ஒருத்தி இருக்கறதே தெரியாது.”

“நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘விடு’ங்கற. நான் டிவியில சண்டையப் பாத்துக் கோபப்பட்டா ‘விடுங்க’. குக்கர் கத்தினா ‘விடு, இன்னொரு விசில் வரட்டும்’. அதுல ஒண்ணு மலையைத் தாண்டிப் போயிருக்கும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் கதை சொல்வதை நிறுத்தினேன். மத்தியானங்களில் பால்கனிக் கதவு திறந்தே கிடந்தது. வீட்டிலும் தேவைக்கு மட்டும் பேசினேன். அடுத்தமுறை கிளினிக் போனபோது பக்கத்துக் கட்டில் காலி. தேவகனியே ஆரம்பித்தார்.

“அந்தக் கட்டிலுல ஒரு பிள்ள வருமில்லியா? அதுக்குக் கொஞ்சம் சொகமாயிட்டு.”

“அப்படியா,” என்றேன், கிசுகிசுப்பாக.

“ஏதோ சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்லியாம்.”

“சந்தோஷமா இருக்காளா?”

“அதுதாம்மா இல்ல. பந்துக்கு லேட்டாப் போறாளாம். ஓட்டம் வரல்லியாம். ‘பின்னால காலியாக் கெடக்கு அக்கா’ன்னு சொல்லி அழுகா. இருந்தாலும் அழுக, இல்லன்னாலும் அழுக. நீங்க ஏன்மா ஒரு மாதி இருக்கிய? தொண்ட கட்டியிருக்கா?”

தலையாட்டினேன்.

என் மௌனம் அவளைக் காப்பாற்றுகிறது என்று நினைத்திருந்தேன். ஷிவான் தாடையில் கம்பியோடு வீட்டில் கிடக்கிறாள். அந்த இடத்தில் புதிதாக ஒருத்தி நிற்கிறாள், வாயே திறக்காதவள். நானும் போய்விட்டால் அந்த முதுகுக்கு யார்?

“ரெண்டே வழிதான் பத்மா,” என்றார் கணவர். “எழுதாதே. இல்லாட்டி எழுதி முடி. பாதியில மட்டும் நிறுத்தி வைக்காதே, பாவம்.”

7

அபுதாபி. மார்ச். கடைசி ஆட்டம். நான் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.

காலையிலிருந்தே வடக்கிலிருந்து புழுதிக் காற்று. வானம் தேநீர் நிறத்தில் கிடந்தது. மத்தியானத்துக்குள் எதிர்ப் பக்கத்துக் கம்பங்கள் நான்கும் மறைந்துவிட்டன. நிறுத்திவிடலாமா என்று நடுவர்கள் பேசிக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று விட்டுவிட்டார்கள். ஜோஸ்மியின் அணி இரண்டு புள்ளி முன்னால். புழுதிக்குள் எங்கோ ஒரு கால் பந்தை உதைக்கிற சத்தம். பந்து கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்தது. பிறகு பந்து வந்தது, உயரமாக, அவளைத் தாண்டி. அவள் அண்ணாந்து பின்னால் ஓடினாள். பின்னால் நிற்கிற புதுப் பெண் வாய் திறக்கவில்லை. காலடிகள் மட்டும் நெருங்கின.

“போ,” என்றது குரல்.

அவள் போனாள். பந்து விரல்களில் வந்து உட்கார்ந்தது. இடி வரவில்லை. வந்தவள் தடுக்கி விழுந்துவிட்டாள். விசில். எல்லோரும் அவள் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். ஷிவான் கம்பிகளுக்கு நடுவே

பொய். தடுக்கி விழ வைப்பது நான். வேண்டாம், முதல்லேருந்து.

உதை. சத்தம். பந்து. அவள் அண்ணாந்து பின்னால் ஓடினாள்.

“விடு,” என்றது குரல்.

கால்கள் நின்றன. பந்து காலியில் விழுந்தது. எதிரணிப் பெண் அதை எடுத்து உதைத்தாள். ஆட்டம் போயிற்று. ஜோஸ்மிக்குத் தலை முழுசாக இருந்தது. உடை மாற்றும் அறையில் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. மறுநாள் ஐ.சி.யு.வில் ஒரு மெஷின் கத்தியது. அவள் திரும்பிப் பார்த்தாள். முன்பெல்லாம் திரும்ப மாட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பி

வேண்டாம். இதுவும் வேண்டாம். முதல்லேருந்து.

உதை. சத்தம். பந்து.

“போ.”

அவள் போனாள். முழங்கால்

வேண்டாம். முதல்லேருந்து.

உதை. சத்தம்.

அப்போதுதான் கைபேசியிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நான் அதைக் காதில் வைத்துக்கொள்ளவில்லை, மேஜைமேல் கிடந்தது. ஓடி ஓடிக் களைத்த ஒருத்தியின் மூச்சு.

“அம்மா.”

நான் மேஜைப் பக்கம் குனிந்தேன்.

“அம்மா, நான் இப்ப எத்தன தடவ ஓடிட்டேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“யாரும்மா?” என்றேன். எனக்குத் தெரியும்.

“ஒவ்வொரு தடவயும் பந்து திரும்ப உதைச்சவளுக்க காலுக்குப் போவுது. நான் திரும்ப ஓடுகேன். கண்ணுல எல்லாம் மண்ணு.”

“போனா தலையில அடிபடும்மா.”

“தெரியும்.”

“டூட்டிக்கும் போக முடியாது.”

“அதும் தெரியும். விட்டா என்ன ஆவும்னும் தெரியும். நீங்க எனக்கு அதச் சொல்லித் தரண்டாம். எழுதுகியளா, வாசிக்கியளா, ஆருன்னே எனக்குத் தெரியாது. கெட்டவிய இல்லன்னு தெரியும். ஆனா ஒண்ணு அம்மா. பின்னால நிக்கியவ ஒரு வார்த்தைதான் சொல்லணும். தப்பா இருந்தாலும் கொள்ளாம், பரவாயில்ல, அதுக்கு நான் ஓடிக்கிடுவேன். சொல்லிட்டு மாத்தப்பிடாது.”

கல்யாணசுந்தரம் உள்ளேயிருந்து, “யார் போன்ல?” என்று கேட்டார்.

திரையில் பார்த்தேன். அவள் பேசியது எதுவும் அங்கே எழுத்தாகியிருக்கவில்லை. என்னுடையவை மட்டும் இருந்தன. போ. வேண்டாம். விடு. வேண்டாம். யாரும்மா. நடுவில் வெற்றிடம், வெற்றிடமாக.

(இந்தப் பக்கத்தில் இருக்கிற அவள் பேச்சை நான் பிறகு, வலிக்கிற கட்டைவிரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.)

8

ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். பயந்துகொண்டு இல்லை. என் பிழைப்பே மாற்றிச் சொல்வது. ஒரு வரியைச் சொல்லி, அது உலர்வதற்குள் அடித்துவிட்டு, இன்னொன்று சொல்லி வயிறு வளர்த்தவள் அந்த முதுகுக்குப் பின்னால் நிற்கத் தகுதியில்லாதவள்.

நீங்கள் அப்படி இல்லை. நீங்கள் இதை ஒருமுறைதான் படிப்பீர்கள். படித்த வரியைத் திருத்த உங்களுக்கு வழி கிடையாது. உதடு அசையாமல் படித்தாலும், உங்களுக்குள் ஒரு குரல் இந்த வரியைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அது யாருடையது என்று ஒரு நிமிஷம் கவனித்துப் பாருங்கள். என்னுடையது இல்லை. நான் நிறுத்திவிட்டேன்.

அதைத்தான் அவள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பந்து உச்சிக்கு வந்துவிட்டது. அவள் முகம் மேலே இருக்கிறது. காலடிகள் வருகின்றன, ஒருத்தியா, இரண்டு பேரா, புழுதியில் தெரியவில்லை. நீங்கள் அவளுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். உங்கள் பெயர் அவளுக்குத் தெரியாது, அவள் உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரியாது. அது பரவாயில்லை. ‘போ’, ‘விடு’, இரண்டு வார்த்தையில் ஒன்று.

சொல்லுங்கள். அவள் ஓடத் தொடங்கிவிட்டாள்.